மகளுக்கு நான் கட்டிய ஃப்ளெக்ஸ்

பிள்ளைகளா, பாசம் பொங்கும்போது அப்பன்மாருக்கு மூளை கொஞ்ச நேரம் கடலுக்குப் போய்விடும். என்னுடையது அன்றைக்குக் கரை திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது.

என் மகள் பவித்ரா மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் போனில் அவள் அம்மாவிடம் அழுதது என் காதிலும் விழுந்தது.

"படம் போட்டேம்மா. ஒருத்தரும் லைக் பண்ணலை. மத்தவளுகளுக்குக் குவியுது. நான் இருக்கேனா இல்லையான்னுகூட யாருக்கும் தெரியலை."

சோறு இறங்கவில்லையாம், தூக்கமும் இல்லையாம். சனிக்கிழமை ஊருக்கு வருகிறாளாம்.

அவள் அம்மாவின் போனை வாங்கிப் படத்தைப் பார்த்தேன். எங்கள் கடற்கரையில் முடி பறக்க, கறுப்பு வெள்ளையில், எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கனவில் வருகிற பிள்ளை மாதிரி இருந்தாள். இதையா ஒருத்தரும் பார்க்கவில்லை? எங்க ஊரே பார்க்கும்!

நேரே ராமநாதபுரம் போய் ஆளுயர ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொன்னேன். (எட்டாம் வகுப்போடு நின்றவனின் மனநல வைத்தியம்.)

"பேரை மட்டும் பெருசாப் போடுங்க தம்பி" என்றேன். கண் கலங்கியிருந்தது. கடைக்காரத் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஓரத்தில் விளக்கு எரிவதுபோலச் சேர்த்துக் கொடுத்தார். அழகுக்காக்கும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விடியலில் அவள் அம்மா மீன் விற்கப் பாம்பன் போய்விட்டாள். என்னைத் தடுக்க ஆளில்லை. பஸ் நிறுத்தத்தில் கட்டினேன். காற்றில் துணி அசைய, படத்திலிருந்த முடியும் கடலும் நிஜமாகவே அசைந்தன. பார்த்துக்கொண்டே நின்றேன்.

கரையில் வலையை உதறிப் போட்டுவிட்டுத் திரும்பினால், ஊரே தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. காற்று அடங்கிக் கடல் பால் மாதிரி கிடந்தது. ஒரு படகும் இறங்கவில்லை. சனங்கள் பேச்சில்லாமல், கையில் பூவோடு, பஸ் நிறுத்தத்துக்கு மெல்ல நடந்தார்கள். படத்துக்கு மாலைமேல் மாலை. 'அடேயப்பா, லைக் குவியுதே!' என்று பூரித்துப் போனேன்.

டீக்கடை இபுராகிம் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏண்ணே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லாமச் செஞ்சாத்தான பாய் நல்லாருக்கும்" என்றேன், அடக்கமாக.

பாய் கையை விட்டுவிட்டார்.

அப்போது பஸ் வந்தது. பையோடு பவித்ரா இறங்கினாள். எதிர்வீட்டு முனியம்மா மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு அத்தை செத்தது?"

"நீதாண்டி!" என்று நிமிர்ந்தவள், பிளந்த வாயை மூடவில்லை.

எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து எல்லாம் கலரில்தான் ஃப்ளெக்ஸ். கறுப்பு வெள்ளை என்றால் கண்ணீர் அஞ்சலி. கைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது எனக்குத் தோன்றவில்லை.

முனியம்மா எழுந்து முதலில் என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகுதான் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். பவித்ரா நிறுத்தி வைத்த படகுகளையே பார்த்தாள்.

"எனக்காகவா அத்தை யாரும் கடலுக்குப் போகலை?"

"பின்ன? நீ இல்லேன்னா எவன் வலையைத் தொடுவான்?"

மாலைக்குள் இருந்த தன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள், அழுகையில் முடித்தாள். அன்று மீன் குழம்பில் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. கல்லூரியில் ஆலோசகரிடம் போய்ப் பேசினாள். போனைத் தள்ளிவைத்துத் தூங்கப் பழகினாள். நானும் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஓடுவதற்கு முன்னால், "என்னத்தா செய்யுது?" என்று கேட்கப் பழகினேன்.

இப்போதும் அவள் படம் போட்டால் போதும், மதுரைக்கு முதல் போன் முனியம்மாவுடையதுதான்.

"ஏத்தா, கலர்லயே போடு. எங்களுக்குப் பொழப்புக் கெடுது."