பாலத்தடியில் திணறும் டெம்போ

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய கணேசபாண்டியன் அத்தானுக்கு, மைத்துனன் நாகராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நானும் முப்பிடாதியும் மகன் ஹரியும் நல்ல சுகம். அக்காவின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று யோசிக்க வேண்டாம். இந்த ஒற்றை அறையில் போன் பேசினால் கீழ்வீட்டுக்காரர் பதில் சொல்கிறார்.

விஷயம், நீங்கள் பம்பாயை விட்டு ஊரோடு போகும்போது எனக்குக் கொடுத்த டீசல் டெம்போதான். முறுக்கு டின் ஏற்றிக்கொண்டு காட்கோபர் போனால், நாலு மாதமாக, பாலம் ஏறுகிற இடத்தில் மட்டும் திணறிக் குலுங்கிக் கரும்புகை கக்குகிறது, பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து என் பரம்பரையையே விசாரிக்கிறான். சர்வீஸ் சென்டரில் மெஷினை மாட்டினால் கோளாறுக்கு ஒரு கோட் நம்பர் வருமாம், நம் வண்டிக்கு ஒன்றும் வரவில்லை, ‘கோட் நஹி தோ ப்ராப்ளம் நஹி, அங்கிள்’ என்று அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டு ஹரி, ‘வண்டில ஃபால்ட் இல்லன்னா ட்ரைவர்லதான்ப்பா ஃபால்ட். சாவிய என்ட்ட குடுத்துட்டு ஆராமா ரெஸ்ட் எடுங்க’ என்கிறான், இருபத்திரண்டு வருஷம் பம்பாய் ட்ராஃபிக்கில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவனைப் பார்த்து! கண் டெஸ்டுக்கும் கூட்டிப் போனான். அங்கேயும் கோட் வரவில்லை.

நம் மேலப்பாளையத்து மெக்கானிக் உதுமான் மெஷினை நம்பாமல் டீசல் ஃபில்டரை மாற்றினான், ஏர் ஃபில்டரைத் தட்டினான், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒன்றை மாட்டி டீசலில் காற்றுக்குமிழி வருகிறதா என்று அரைமணி நேரம் முறைத்தான், ஒன்றுமில்லை. கடைசியில் அதே லோடுடன் அவனே ஓட்டினான், அதே பாலத்தில் டெம்போ பாய்ந்து ஏறியது! ‘அண்ணாச்சி, இதுக்கு உங்களப் புடிக்கலயோ என்னமோ’ என்கிறான்.

ஆகவே அத்தான், நீங்கள் ஹரிக்குப் போன் போட்டு, ‘மருமவனே, அந்த வண்டி என் காலத்துலயே அந்த மேட்டுல அப்படித்தான்டே’ என்று ஒரு பொய் சொல்ல வேண்டும். சாவி கைவிட்டுப் போனால் நான் வீட்டில் உட்கார்ந்தே செத்துப்போவேன்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. பொய் சொன்ன பாவத்தில் பாதி என் கணக்கு.

தங்கள் மைத்துனன்,
நாகராஜ்

பி.கு.: போன் போட வேண்டாம். தபாலில் சேர்ப்பதற்குள் இன்று முப்பிடாதி என்னோடு டெம்போவில் வந்தாள். பாலத்தடியில் நாலு மாதத்துக்கு முன் கட்டிய மாரியம்மன் கோயில் வந்ததும், நான் ஆக்சிலேட்டரில் இருக்கும் காலைச் செருப்பிலிருந்து உருவி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகு செருப்பைத் தேடி மாட்டுகிறேனாம். அதற்குள் வண்டிக்குப் பாதி உயிர் போய்விடுகிறதாம். சத்தியமாக எனக்கே தெரியாது! விழுந்து விழுந்து சிரித்தவள், ஹரியிடம் மூச்சுவிடவில்லை. ‘நாளையிலருந்து நானும் வாரேன். அம்மன நான் கும்பிட்டுக்கிடுதேன், நீங்க மிதிக்கிற வேலையப் பாருங்க’ என்று சொல்லிவிட்டாள்.