இருட்டுப் பாட்டுக்குள் இரண்டு குரல்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஆறு, என் தங்கச்சி விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது எட்டு. அந்த எட்டில் ஒன்றுகூட என்னை இரண்டாம் தரம் கூப்பிட வைத்ததில்லை. பேர் சொன்னால் பதில் வர வேண்டும். அது என் வீட்டுச் சட்டம். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அந்தச் சட்டம்தான் போன வருஷம் சுங்கைப் பட்டாணி டவுனில், கறுப்புச் சட்டை போட்ட ஒரு கூட்டத்தின் நடுவில், என் மானத்தை வாங்கியது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் தூங்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன், அவ்வளவுதான்.

என் மூன்றாவது மகன் மூர்த்தி. அவனோடுதான் இருக்கிறேன். அவன் மகள் தேன்மொழி கோலாலம்பூரில் படித்து, அங்கேயே சில வருஷம் வேலை பார்த்து, ஒருநாள் பெரிய பெரிய பெட்டிகளோடு வீடு திரும்பினாள். கல்யாணச் சீர் மாதிரி பெட்டிகளைக் கூடத்தில் அடுக்கினாள். திறந்து பார்த்தால் பூராவும் ஒயர். அந்த ஒயர்களைப் பின் அறையில் பரப்பிக்கொண்டு பாட்டுச் செய்யப் போகிறேன் என்றாள்.

பாட்டு என்றால் யாராவது பாட வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். இதில் பாடுகிறவர் கிடையாது. தபேலா கிடையாது, ஆர்மோனியம் கிடையாது. பட்டணத்தில் அங்கங்கே போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்த சத்தங்கள்தான் எல்லாம். லிப்ட் இறங்குவது, மேம்பாலத்துக்கு அடியில் லாரி போவது, ரயில் கதவு மூடுவது, யாருமில்லாத படிக்கட்டில் விளக்கு முனகுவது. அதையெல்லாம் மாவு மாதிரி அரைத்து, கூழ் மாதிரி மெல்ல ஊற்றுவாள். முதல் தடவை கேட்டபோது ஐஸ் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து பிளக்கைப் பிடுங்கினேன். (ஐஸ் பெட்டிக்கு ஒன்றுமில்லை. உள்ளே இருந்த மீன்தான் கெட்டுப்போனது.)

அந்தப் பாட்டுத் தொகுப்புக்கு ‘பேஸ்மெண்ட்’ என்று பேர் வைத்திருந்தாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். பட்டணத்தில் அடுக்குமாடிக்கு அடியில், பூமிக்குள்ளே, கார் காடிகளை நிறுத்தும் இடமாம். வேலை போன பிறகு அங்கேதான் போய் உட்கார்ந்திருப்பாளாம்.

“அங்க எல்லாம் தூங்கும் பாட்டி. ஆள் யாரும் இருக்கமாட்டாங்க. காடிங்க மட்டும் தூங்கும்,” என்றாள்.

காடி தூங்குவதைக் கேட்க ஒரு பாட்டு. சரி, பிள்ளைக்கு என்ன மனக்கஷ்டமோ என்று அதற்குமேல் கேட்கவில்லை.

மூர்த்தி கேட்டான். லாரி ஓட்டுகிறவன் அவன். நாளெல்லாம் கேட்கிற இரைச்சலை வீட்டுக்கு வந்தும் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு ஆத்திரம். “இதுக்குப் பேரு பாட்டா?” என்று தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே தினமும் கேட்பான். கடைசியில் அப்பனும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பினாங்கில் ஒரு சீன வாலிபர் இந்த மாதிரிப் பாட்டுகளை இசைத்தட்டாகப் போடுகிறவர். அவர் தட்டுப் போட்டால் தேன்மொழி விரும்பியதைச் செய்யலாம். போடாவிட்டால் ஒயரையெல்லாம் பெட்டியில் கட்டிவிட்டு, கூலிமில் அவள் மாமா பார்த்து வைத்திருக்கும் பேக்டரி வேலைக்குப் போய்விட வேண்டும்.

அந்த வாலிபர் ஒரு நிபந்தனை போட்டார். பாட்டை வீட்டு அறையில் பதிவு செய்தால் உயிர் இல்லையாம். ஒரு பெரிய இடத்தில், ஆட்களை உட்காரவைத்து, முழு இருட்டில், முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். அதை அப்படியே பதிந்து தட்டாக்குவார். சுங்கைப் பட்டாணியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி காலியாக இருந்தது. அது மறுநாளே வேறொருவர் கைக்குப் போகிறது என்பதால் ஒரே ஒரு மத்தியானம் கிடைத்தது. தப்பினால் இன்னொரு தடவை கிடையாது.

தேன்மொழி என்னைக் கூப்பிடவில்லை. நானே கிளம்பினேன். எட்டுப் பிள்ளைகளின் பள்ளி விழா ஒன்றுக்குக்கூடப் போகாமல் இருந்ததில்லை, பேத்தியின் விழாவுக்குப் போகாமல் இருப்பேனா? தனியாகப் போவானேன் என்று திகாம் பத்துவில் இருக்கும் என் கூட்டாளி அங்கம்மாவையும் வரச் சொன்னேன். நானும் அங்கம்மாவும் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர்கள். இப்போது அவளுக்குக் காது மந்தம். ரகசியம் பேசினால் ரோட்டுக்குக் கேட்கும்.

நான் அரக்குப் பட்டுப்புடைவை கட்டி, கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டு, தலையில் மல்லிகை வைத்து இறங்கினேன். அங்கம்மா முறுக்குப் பொட்டலத்தோடு வந்தாள். துணிக்கடை வாசலில் தேன்மொழி எங்களைப் பார்த்தாள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. துக்க வீட்டுக்காரி மாதிரி நின்றாள்.

“பாட்டி, வளையலைக் கழட்டிடுங்க. மைக்கு எல்லாத்தையும் புடிச்சிடும்.”

கழற்றினேன். (புருஷன் செத்தபோதுகூட நான் வளையலைக் கழற்றியதில்லை. பேத்திக்காகக் கழற்றினேன்.) முறுக்கையும் பிடுங்கிக்கொண்டாள். இருமல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். முழுங்கிவிடுவேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. மூர்த்தி வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஆட்டுக்கறியோடு எங்களுக்கு வயிறு முட்ட வாங்கிக் கொடுத்து, மேலே ஏற்றிவிட்டான். அது அவன் செய்த தப்பு.

மேல்மாடி ஜன்னல்களில் எல்லாம் கறுப்புத் துணி. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே அமாவாசை. மலாய்க்காரப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லாரும் கறுப்பு உடுத்தித் தரையில் சம்மணம் போட்டிருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் நல்ல மெத்து மெத்தென்ற நாற்காலி. குளிர்சாதனம் முதுகில் இதமாக வீசியது. தலைக்கு மேலே மைக்குகள் தொங்கின. கடைசி விளக்கும் அணைந்தது.

முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு எங்கோ அடியிலிருந்து ஓர் உறுமல் வந்தது. காதுக்கு எட்டுவதற்கு முன்னால் நாற்காலிக் காலில் தெரிந்தது. லிப்ட் ஒன்று இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது, இறங்கி முடியவேயில்லை. நானும் அதில் ஏறிக்கொண்டேன் போலிருக்கிறது. கதவு திறந்தபோது தேன்மொழி சொன்ன அந்த இடம். தூண்கள் வரிசையாக நின்றன. உற்றுப் பார்த்தால் தூண் எல்லாம் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கித்தா மரம். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு காடி பனியைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. மெதுவாக மூச்சு விட்டது. மரத்தில் யாரோ வெட்டுப் போட்டிருந்தார்கள். மங்குக் கிண்ணத்தில் பால் இறங்கவில்லை. காடி விளக்கின் மஞ்சள் வெளிச்சம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நான் அதை வாளியில் ஊற்றிக்கொண்டே நடந்தேன். வாளி கனக்கவில்லை. முட்டி வலிக்கவில்லை. எங்கேயோ ஒரு ரயில் கதவு மூடியது, இலைகள் உதிர்ந்தன. பட்டுப்புடைவை நனைகிறதா என்று குனிந்து பார்த்தேன், நனையவில்லை. (தூங்குகிறவளுக்குப் புடைவை ஞாபகம் இருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.)

அப்போது இரும்பு அடித்தது.

பட்டணத்தில் ஏதோ கட்டடம் கட்டுகிற இடத்தில் தேன்மொழி பிடித்த சத்தமாம் அது. பாட்டு முடிகிற இடத்தில், எல்லாச் சத்தமும் அடங்கிய பிறகு, அதை மட்டும் நீட்டி நீட்டி ஒலிக்க வைத்திருந்தாள். அவளுக்கு அது கட்டட இரும்பு. எனக்கு அது வேறு.

தோட்டத்தில் ஆபீஸ் முன்னால் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். விடியுமுன் அதை அடித்தால் பெரட்டு. எல்லாரும் ஓடிப்போய் நிற்க வேண்டும். வேலையை மேற்பார்க்கிற தண்டல் பேர் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கம்மாவோ கும்பகர்ணி. நான் என்ன செய்வேன் என்றால், என் பேருக்கு என் குரலில் பதில் சொல்லிவிட்டு, இடது பக்கம் ஓரடி நகர்ந்து, மூக்கால் மெல்லிசாக அவளுக்கும் ஒரு பதில் போடுவேன். இருட்டும் பனியும், முகம் தெரியாது. அந்த இடைவெளியில் அவள் கொண்டையை முடிந்துகொண்டே வந்து சேர்ந்துவிடுவாள். தண்டல் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை.

இரும்பு அடித்தது. என் கால்கள் எழுந்தன. நான் எழவில்லை, கால்கள்தான் எழுந்தன.

“இருக்கேங்கய்யா!”

தோட்டத்துக் குரல் அது. மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். இடது பக்கம் ஓரடி நகர்ந்தேன்.

“அங்கம்மாவும் இருக்கேங்கய்யா...”

பக்கத்து நாற்காலியிலிருந்து, மெத்துப் பஞ்சில் புதைந்தபடி, அங்கம்மா தன் ரகசியக் குரலில் சொன்னாள்:

“அடியே, நான் முழிச்சுத்தான் இருக்கேன். நீ உக்காரு.”

இரும்பு இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. மெல்ல மெல்லத் தேய்ந்தது. விளக்குப் போட்டார்கள். அத்தனை பிள்ளைகளும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கை தட்டினார்கள். இதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்களாம். ஒரு மலாய்க்காரப் பெண் என் கையைப் பிடித்துக் கண்கலங்கினாள். தேன்மொழி மட்டும் மெஷின் மேல் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அதற்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

வீடு திரும்பும்போது மூர்த்தி விஷயத்தைக் கேட்டு ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். தேன்மொழி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் தூங்கலடி என்றேன்.

“சரி பாட்டி,” என்றாள்.

அந்த ‘சரி’யை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. இருமலை விழுங்கியவள் நான்.

அதற்குப் பிறகு பின் அறைக் கதவு சாத்தியே கிடந்தது. ஐஸ் பெட்டி மாதிரி முனகுகிற அந்தச் சத்தம் நின்றுபோனது. வீடு அமைதியாக இருக்கிறதே என்று மூர்த்திக்குச் சந்தோஷம். எனக்குத்தான் மத்தியானத்தில் கண்ணை மூடவே முடியவில்லை. பினாங்கிலிருந்து ஒரு பதிலும் இல்லை. மூர்த்தி கூலிமுக்குப் போன் போட்டு, வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டான்.

ஒரு காலையில் நானே போய்க் கதவைத் தட்டினேன். நான் கத்திய இடத்தை மட்டும் வெட்டித் தூக்கிப் போட்டுவிடு என்றேன். முடியாது என்றாள். என் குரல் இரும்புச் சத்தத்தின் மேலேயே விழுந்திருக்கிறதாம். அதை எடுத்தால் இரும்பும் போய்விடும், பாட்டுக்கு முடிவே இருக்காது. சொல்லிவிட்டு என் காதில் ஒரு குமிழை மாட்டினாள். லிப்ட், உறுமல், ரயில் கதவு. பிறகு இரும்பு. பிறகு ஒரு பெண் குரல். யாருடைய குரல் இது, இவ்வளவு இளசாக இருக்கிறதே என்று நினைத்தேன். (என்னுடையதுதான்.)

“யாரு பாட்டி உங்களைக் கூப்பிட்டா?”

அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. சொன்னேன். தண்டவாளத் துண்டு, தண்டல், அங்கம்மாவின் தூக்கம், இடது பக்கம் ஓரடி, எல்லாம். அந்த மூக்குக் குரலை இன்னொரு தரம் போட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினேன். வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

“அந்த பேஸ்மெண்ட்ல உக்காந்திருந்தப்ப யாராச்சும் ஒரு ஆள் இருக்கேன்னு சொல்லமாட்டாங்களான்னு இருந்துச்சு பாட்டி,” என்றாள். “வெட்ட வேணாம்.”

அன்றைக்கே பினாங்குக்குத் தானே போன் செய்தாள். அந்தச் சீன வாலிபரும் இதை வெட்டுவாளோ விடுவாளோ என்று வாயைத் திறக்காமல் காத்திருந்தாராம். தட்டு வந்தது. தோசைக்கல் மாதிரி கறுப்பாக, பெரிசாக இருக்கிறது. கடைசிப் பாட்டுக்குப் ‘பெரட்டு’ என்று பேர். எந்த எந்தப் பட்டணத்திலேயோ, எந்த எந்த இருட்டு அறையிலேயோ அதைப் போட்டுக் கேட்கிறார்களாம். அங்கம்மா கோயிலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தன் குரல்தான் தெளிவாக இருக்கிறது, என்னுடையது தூக்கக் கலக்கத்தில் இருக்கிறது என்று சொல்லித் திரிகிறாள். தேன்மொழி பகலில் டவுனில் ஒரு கடையில் வேலை பார்க்கிறாள். மிச்ச நேரமெல்லாம் பின் அறை. மூர்த்தி லாரியில் போகும்போது ஹாரன் சத்தத்தைப் போனில் பிடித்துவந்து அவளிடம் கொடுக்கிறான்.

ஆனால் என் வீட்டுச் சட்டம் கெட்டது கெட்டதுதான். இப்போதெல்லாம் வேனில் எங்கேயாவது கிளம்பும்போது மூர்த்தி பேர் கூப்பிட்டால், ஆள் இருக்கிறதோ இல்லையோ, யாராவது ஒருவர் மூக்கால் மெல்லிசாக “இருக்கேங்கய்யா” என்று போட்டுவிடுகிறார்கள். அலோர் ஸ்டாரில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் என் சின்ன மருமகனை குருண் எண்ணெய் நிலையத்துக் கழிவறையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டோம். தாலி கட்டுகிற நேரத்தில்தான் தெரிந்தது. அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

போதும் தேனு, எழுதினது. முதல்ல இருந்து படிச்சுக் காட்டு. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கறேன், தூங்கமாட்டேன். அந்தப் பேர் கூப்பிடற இடம் வந்தா மட்டும் கொஞ்சம் நிறுத்து. அங்கம்மாவுக்கும் சேர்த்து நானே சொல்லிடறேன்.