கீழ்வீட்டு மீன்

மோட்டார் உறுமியது. தண்ணீர்தான் வரவில்லை.

கமலக்கண்ணன் மிஷினைத் தட்டினான், குலுக்கினான், தலைகீழாகப் பிடித்து ஆட்டினான். ஸ்ரீசிட்டியில் ஃபேன் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவன் அவன். மீன்தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஒரு பழைய டப்பா தனக்கு அடங்காமல் போவதா என்று ரோஷம் வந்துவிட்டது. தொட்டிக்குள் முழ நீளத்துக்கு வெள்ளிப்பாளம் போலிருந்த வாஸ்து மீன், அவனைப் பார்த்தபடியே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மீன் அவனுடையதல்ல. வீடும் அவனுடையதல்ல. இரண்டும் வீட்டுக்காரர் வேங்கடாசலத்துடையவை. திருச்சானூரில் அவர் கீழ்வீட்டில் இருந்தார், கமலக்கண்ணன் குடும்பம் மாடியில் வாடகைக்கு இருந்தது. இதய ஆபரேஷனுக்காக அவர் சென்னைக்குப் போயிருந்தார். கிளம்பும்போது அவர் மனைவி ரத்னம்மா, கமலக்கண்ணன் பெண்டாட்டி ரோஜாவிடம் சாவியைக் கொடுத்து, சாயங்காலம் சாமிக்கு விளக்கு மட்டும் ஏற்றச் சொன்னாள். மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புருஷன் நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள், அந்தக் கலக்கத்தில் மீன் ஞாபகமா வரும் என்று கமலக்கண்ணன் தானே பொறுப்பை எடுத்துக்கொண்டான். யாரும் கேட்காமல் பொறுப்பை எடுத்துக்கொள்கிற ஆளை யாரால் தடுக்க முடியும்?

வேங்கடாசலம் மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். நகரியில் விசைத்தறி ஓடாமல் போய் மூட்டை முடிச்சோடு இங்கே வந்தபோது, முகம் பார்த்தே வீடு கொடுத்தவர் அவர். ரோஜாவுக்கு இடுப்புவலி கண்ட அன்று ஷேர் ஆட்டோ ஒன்றும் நிற்காமல் போக, பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவாமல் கார் எடுத்தவரும் அவர்தான். அந்த மனுஷன் பிழைத்து வரவேண்டும். கமலக்கண்ணனுக்கு அந்த நேரத்தில் வேறு வேண்டுதலே கிடையாது.

மீன் விஷயத்தை ரோஜாதான் எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். வேங்கடாசலத்துக்கு உயிர்க்கண்டம் இருப்பதாகக் காளஹஸ்தி ஜோசியர் ஒருவர் சொல்லி, ஆபரேஷனுக்கு முன்னால் இந்த மீனை வாங்கி வைக்கச் சொன்னாராம். “அவரு உயிருக்கும் மீன் உயிருக்கும் முடிச்சு போட்டிருக்குதாம்” என்றாள்.

“அப்ப இது செத்துட்டா?”

“வாயக் கழுவுங்க மொதல்ல.”

அவன் வாயைக் கழுவவில்லை. மிஷினைக் கழுவினான்.

மூடியைத் திறந்தான். உள்ளே இருந்த பஞ்சில் கறுப்பாகச் சேறு அப்பிக் கிடந்தது. அதைவிட அநியாயம், தண்ணீரை இழுக்கிற சின்ன விசிறி இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. விசிறி இல்லாத மிஷினை ஒரு நோயாளியின் தலையில் கட்டியிருக்கிறானே, அவன் கை விளங்குமா என்று விற்றவனை வாயில் வந்தபடி திட்டினான். வேங்கடாசலம் அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார் என்பது தெரியும். யாரிடம் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே ஒரு கொலை விழுந்திருக்கும்.

திருப்பதியில் எங்கேயும் கிடைக்காமல் பஸ் ஏறிச் சித்தூருக்குப் போய், மீன் கடை மணிவேலிடம் விசிறி வாங்கி வந்தான். வந்த கையோடு பஞ்சைத் துணி சோப்புத் தூள் போட்டு, புதுப் பஞ்சு மாதிரி வெளுக்கும்வரை கசக்கினான். மாட்டி சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் ஓடியது. கூடவே நுரையும் பொங்கியது. தொட்டி, சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த மாதிரி ஆகிவிட்டது. மீன் சுற்றிச் சுற்றி வந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

போனில் விஷயத்தைக் கேட்ட மணிவேல், “அந்த அழுக்குலதாண்ணா மீனோட உயிரு இருக்குது. அதப் போயி சோப்பு போட்டு தொவச்சிட்டியே” என்றான்.

அரக்கப் பரக்கத் தண்ணீரை மாற்றினான். அந்த அவசரத்தில் குழாய்கள் இடம் மாறின. அடியில் தங்கியிருந்த கசடு அத்தனையும் மிஷின் வழியாகத் தொட்டிக்குள் பீச்சியடித்தது. சரிசெய்து திருப்பி மாட்டினால் மூடி ஒழுகியது. ஹால் முழுக்கக் குளமாகி, தண்ணீர் சாமி அறை வாசல்வரை போனது. ஒழுகின இடத்தில் குழாய்ப் பிசின் வைத்து அடைத்தான். ஒழுக்கு நின்றது. பிசின் நாற்றம் தண்ணீரில் இறங்கியதோ என்னவோ, மீன் ஒரே தாவாகத் தாவித் தரையில் விழுந்து துள்ளியது. ஈரத்தில் அவனும் வழுக்கி அதன் பக்கத்திலேயே விழுந்தான். விளக்கேற்ற வந்த ரோஜா, மீனும் புருஷனும் ஒன்றாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, தீப்பெட்டியும் கையுமாக அப்படியே நின்றாள்.

அந்த நேரம் பார்த்து ரத்னம்மாவிடமிருந்து போன் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். இட்லி துன்றாராம், பேசுகிறாராம், நர்ஸம்மாவைக் கிண்டல் பண்ணுகிறாராம். மீனை இரண்டு கையாலும் தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்த கமலக்கண்ணன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சந்தோஷப்பட்டான்.

“மீனு எப்டி கீது நைனா?” என்று அவள் தயங்கிக் கேட்டாள்.

செதில் உதிர்ந்து, மல்லாந்து, செவுள் மட்டும் அசைந்துகொண்டிருந்த மீனை அவன் பார்த்தான். நோயாளி வீட்டில் கலவரம் கிளப்பக்கூடாது. “ஜம்முனு கீது அத்தே” என்றான்.

போனில் ஒரு நீளமான பெருமூச்சு கேட்டது. மனசு நிறைந்துவிட்டது போல என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இனி இது சாகக்கூடாது என்று கம்பெனிக்கு லீவு போட்டான். மறுபடி சித்தூருக்கு ஓடி, மணிவேல் கடைத் தொட்டி ஒன்றிலிருந்து அழுக்குப் பிடித்த பழைய பஞ்சைக் கெஞ்சி வாங்கி வந்தான். பாலிதீன் கவருக்குள் அது சொட்டிக்கொண்டே வர, பாகாலாவரை பஸ்ஸில் யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. பிசினைச் சுரண்டி எடுத்துவிட்டு, ரப்பர் வளையம் புதிதாகப் போட்டு, அந்த நாற்றப் பஞ்சை மிஷினுக்குள் வைத்தான். திருப்பதி பூராவும் அலைந்து உயிர் இறால் வாங்கிப் போட்டான்.

மிஷின் சத்தமில்லாமல் ஓடியது. தண்ணீர் தெளிந்தது. மீன் மெல்ல நிமிர்ந்தது, நீந்தியது, இறாலைக் கவ்வியது. கமலக்கண்ணன் தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதேவிட்டான்.

மறுநாள் ரத்னம்மா கூப்பிட்டாள். வேங்கடாசலத்துக்குத் திடீரென்று ஜுரமாம். தையல் போட்ட இடத்தில் சீழாம்.

அவன் பயப்படவில்லை. மீன் நன்றாக இருக்கும்போது அவருக்கு என்ன வந்துவிடும்? இருந்தாலும் இருக்கட்டும் என்று இறாலை இரண்டு பங்காக்கினான். மீன் கொழுத்தது. அங்கே அவரை ஐசியூவுக்கு மாற்றினார்கள். இவன் தொட்டிக்கு விளக்குப் போட்டு, மிஷின் வேகத்தைக் கூட்டினான். மீன் தளதளவென்று மின்னியது. அங்கே அவருக்கு வாயில் குழாய் போட்டார்கள்.

“இன்னாங்க, எனுக்கு இன்னாவோ மாரி கீது” என்றாள் ரோஜா.

“மீனப் பாருடி. அதுவே தெம்பா கீதே, அவருக்கு ஒண்ணும் ஆவாது” என்று அவளை அடக்கினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆம்புலன்ஸ் வேங்கடாசலத்தை ஐஸ் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போனது.

ஹாலில்தான் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு. பக்கத்திலேயே தொட்டி. அழுகைச் சத்தத்துக்கு நடுவே மீன் ஒய்யாரமாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. கமலக்கண்ணன் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். எங்கே தப்பு நடந்தது என்று அவனுக்கு விளங்கவே இல்லை. பெற்ற நைனாவைப் பறிகொடுத்தவனாகத் தேம்பினான்.

ரத்னம்மா சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வற்றி, தொட்டியையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவன் நகர்ந்து போய் அவள் காலடியில் உட்கார்ந்தான். மிஷினில் விசிறியே இல்லாததை, அதற்காக அலைந்ததை, மீன் சாகக் கிடந்ததை, விடாமல் போராடிப் பிழைக்க வைத்ததை, எல்லாம் விக்கி விக்கிச் சொன்னான். அவளுக்கு ஒரு சின்ன ஆறுதலாவது கிடைக்கும் என்று நினைத்தான்.

“மாமாவக் காப்பாத்த முடியல அத்தே. ஆனா அவரு ஆசையா வளத்த மீன, என் உயிரக் குடுத்துக் காப்பாத்திட்டேன்.”

ரத்னம்மா மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். கோபமில்லை. பேசக்கூடத் தெம்பில்லாத குரல்.

“அவரு சாவ வாங்கிக்கினு அது சாவணும் நைனா. நம்ம கையால கொன்னா பாவம்னுதான், ஓடாத மிஷினா கேட்டு வாங்கியாந்து மாட்டினாரு.”