புள்ளிக் காக்காவும் வாப்பாவின் குரலும்

நல்ல சேதி கொண்டுவந்து செருப்படி வாங்கிய மனிதர் கல்முனையிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டுப் புள்ளிக் காக்கா. அண்ணனை எங்கள் ஊர் முஸ்லிம்கள் காக்கா என்போம், சிரிக்க வேண்டாம்; அப்பா வாப்பா, அம்மா உம்மா.

கொழும்பில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு வேலை. புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த துணுக்குக்குக் கதிர் அடித்து, மறுநாள் நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். டி.என்.ஏ. இழை அறுந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக மின்னுமாம். அதை எண்ணுவதுதான் காக்காவின் உத்தியோகம். ஊருக்கு வந்தாலும் மனிசன் சும்மா இருந்தால்தானே! கலியாண வீட்டில் புரியாணிக்குள் கிடக்கும் கஜு முந்திரியை எண்ணுவார். சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீடுகளில் வெடிப்புகளை எண்ணிச் சுவரிலேயே எழுதிவைத்தார். கட்டிய பொறியியலாளர் இவரைக் கண்டால் அடுத்த ஒழுங்கையால் ஓடுவார்.

சண்டை முடிந்து பாதை திறந்த வருசம் வாப்பாவின் தொண்டையில் கட்டி வந்தது. வாப்பா கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். வாய் திறந்தால் ஒலுவில் வரை கேட்கும். வெட்டியெடுத்தால் குரலும் போய்விடும், கதிருக்குக் கட்டி மசிந்தால் குரல் தப்பும் என்றார் டொக்டர்.

"குரல் போனா நான் மீனைக் கைச்சாடையிலயா விக்கிற?" என்று சத்தம்போட்ட வாப்பா, அதன்பின் மூன்று நாள் கடற்கரைப் பக்கமே போகவில்லை.

துணுக்கு புள்ளிக் காக்காவின் கூடத்துக்கே போனது. அடுத்த வெள்ளி ஊருக்கு வந்து, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓடிவந்தார்.

"மச்சான்! எல்லாம் அறுந்தபடியே கிடக்கு! ஒரு புள்ளியும் குறையல்ல, ஒண்டுகூட ஒட்டல்ல! அல்ஹம்துலில்லாஹ்!"

சீனி, பிரஷர், கொழுப்பு என்று எந்த ரிப்போர்ட்டிலும் எண் குறைந்தால்தான் சந்தோசப்படுகிற ஊர் எங்களுடையது. உம்மா "யா அல்லாஹ்!" என்று சரிந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சாவு வீட்டில் ஓதும் யாசீனை ஓத வந்துவிட்டார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற காக்காவின் மேல் வாப்பாவின் செருப்பு பறந்தது.

"என்ட மௌத்துக்கா அல்ஹம்துலில்லாஹ் செல்லுறாய்?"

"அடிக்காத மச்சான், கேளு! வலை கிழிஞ்சா நாம பொத்துறல்லியா? சில கட்டியும் அப்பிடித்தான். கதிர் அறுத்தாக் கெதியா ஒட்டிக்கும், மறுகா திரும்ப வளரும். உன்ட கட்டிக்கு ஒட்டத் தெரியல்ல. ஒரு நாளாகியும் புள்ளி அவ்வளவும் அப்பிடியே இரிக்கி. கதிருக்கு அது தாங்காது!"

தூக்கிய மற்றச் செருப்பை வாப்பா கீழே வைத்தார். "அப்ப என்ட தொண்டையில இரிக்கிறது சோம்பேறியா?"

"ஓம் மச்சான், பச்சைச் சோம்பேறி!"

வாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓத வந்த பெண்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

இதையும் பார்த்துவிட்டு டொக்டர்கள் கதிர்தான் என்று முடிவெடுத்தார்கள். அது முடியும்வரை காக்கா கொழும்பில் தன் கட்டிலை வாப்பாவுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். விழுங்க முடியாத நாட்களில் கஞ்சி காய்ச்சி ஊட்டியதும் அவரேதான். கட்டி கரைந்தது. குரல் கொஞ்சம் கரகரத்தாலும் தப்பிவிட்டது. காக்காவுக்காக நான் தொழுது கேட்காத துஆ இல்லை.

இப்போதும் சில நாட்களில் கொழும்பிலிருந்து அழைப்பு வரும். "மச்சானைக் கதைக்கச் செல்லுங்க தங்கச்சி," என்பார் உம்மாவிடம். விசயம் ஒன்றும் இருக்காது. அன்று வலையில் பட்ட மீனையெல்லாம் வாப்பா ஏலம் கூறுவதுபோலவே சொல்லிக்கொண்டு போவார். மறுமுனையில் சத்தமே வராது. ஒருநாள் லைன் கட்டாகிவிட்டதோ என்று வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். மனிசன் விம்மிக்கொண்டிருந்தார். போனை வாப்பாவிடமே திருப்பிக் கொடுத்தேன். எங்கள் காக்கா இன்னும் கொஞ்சம் கேட்கட்டும்.