தானாக எழும்பிய அப்பம்

எனக்குப் பகல்கனவு காணும் வியாதி உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது கண்டால் பரவாயில்லை, அடுப்பின் முன் நின்றுகொண்டு காண்பேன். பால் பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்து, கேஸ் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் இந்த உலகத்துக்குத் திரும்பி வருவேன்.

கல்யாணமாகி குவைத்துக்குப் போனதும் வியாதி முற்றிவிட்டது. குற்றம் என்மேல் இல்லை, ஊர் அப்படி. ஃபஹாஹீலில் ஐந்தாவது மாடியில் குடியிருந்தோம். ஹால் ஜன்னலில் கடல். சமையலறை ஜன்னலில் மணல்வெளி, அதன் ஓரத்தில் எண்ணெய் ஆலைகளின் உயரமான குழாய்கள். பகலில் புழுதி எழும்பி வானத்தை மஞ்சளாக மூடும். இருட்டினால் அந்தக் குழாய்களின் உச்சியில் தீ எரியும். சர்ச்சில் ஞாயிறு வேதப் பள்ளியில் ஒழுங்காகப் படித்த ஒரு தூத்துக்குடிப் பெண்ணுக்கு இது போதாதா? பகலில் மேகஸ்தம்பம், இரவில் அக்கினிஸ்தம்பம். அவை வழிகாட்ட, எகிப்தை விட்டுப் புறப்பட்ட இஸ்ரவேல் ஜனங்கள் என் ஜன்னல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். நான் கரண்டியும் கையுமாக வழியனுப்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. நாங்கள் போய்வந்த ஜெபக்குழு ரொம்பச் சின்னது, ஏழெட்டுக் குடும்பம்தான். மற்றவர்கள் ஈஸ்டருக்குத் துணி எடுக்கும் நாட்களில் எங்கள் குழு, இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரவின் நினைவாக, பழைய முறைப்படி பஸ்கா வைக்கும். அன்றிலிருந்து ஒரு வாரம் புளித்த மாவு எதுவும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது, புளிப்பில்லாத அப்பம்தான். குழுவை நடத்தியவர் சாமுவேல் பிரதர். சைட்டில் சேஃப்டி ஆபீசர். அதிகம் பேசமாட்டார். அவர் சும்மா பார்த்தாலே நாம் ஹெல்மெட் போடாமல் நிற்கிற மாதிரி இருக்கும்.

"இந்த வருஷம் எங்க வீட்ல வைப்போம் பிரதர். அப்பத்தை நானே சுடுறேன்" என்று ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். என் கணவர் தாசன் பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தார். அதுவும் கனவென்றே நினைத்தேன்.

வீட்டைச் சுத்தம் பண்ண ஆரம்பித்தேன். குப்பூஸ் ரொட்டி, ரஸ்க், பிஸ்கட், பேக்கிங் பவுடர் எல்லாம் வெளியேறின. பழைய கோதுமை மாவு எந்த மூலையிலாவது புளித்திருக்குமோ என்று சந்தேகம், அதுவும் போனது. அத்தனையும் கீழ்மாடி பேச்சிலர் ரூமுக்கு. (அந்த வருஷம் உண்மையில் பண்டிகை கொண்டாடியவர்கள் அவர்கள்தான்.)

"இட்லி மாவையுமா கொடுக்கப் போற?" என்றார் தாசன்.

"அதுவும் புளிச்ச மாவுதான?"

"எகிப்துல இட்லி ஏது பிள்ள? இட்லின்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"புளிச்சதுன்னு எழுதியிருக்குல்லா."

ஏர்போர்ட்டில் தம்பியை வழியனுப்புகிறவர் மாதிரி அவர் அந்த மாவுச் சட்டியின் மூடியை ஒரு தட்டுத் தட்டினார்.

என் வீட்டோடு நின்றேனா? ஆறாவது மாடியில் ரெஜினா அக்கா இருந்தார். மணப்பாட்டுக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ், குழுவில் எல்லாருக்கும் மூத்தவர். அவர் வீட்டு அலமாரியைத் திறந்து சோதித்தேன். கைப்பையில் ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் அகப்பட்டது.

"நைட் டூட்டில சுகர் இறங்கிட்டுன்னா என்ன செய்யட்டும்ளா?" என்றார்.

புளிப்பில் கொஞ்சமென்ன, அதிகமென்ன என்று நான் நின்ற இடத்திலேயே ஒரு பிரசங்கம் வைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, பாக்கெட்டை என் கையில் வைத்துவிட்டு, அக்கா டூட்டிக்குப் போனார்.

அப்பத்துக்குப் புது மாவு வாங்க பக்காலா மளிகைக் கடைக்குப் போனேன். வெளியே புழுதி இறங்கி, தெருவிளக்கெல்லாம் பகலிலேயே மங்கலாக எரிந்தது. அலமாரியில் ஒரு பாக்கெட். அதன்மேல் பொன்னிறக் கோதுமை வயல், காற்றில் சாய்ந்த கதிர்கள். முன்பக்கம் முழுக்க அரபி எழுத்து. பின்பக்கம் திருப்பிப் பார்க்க எனக்கு அவகாசமில்லை. நான்தான் அந்த வயலுக்குள் இறங்கி நடந்துகொண்டிருந்தேனே.

பஸ்கா அன்று சாயங்காலம் காற்று அடங்கியது. கடலுக்கு மேலே முழுநிலா கிளம்பியது. எல்லாரும் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள், பெண்கள் முக்காடிட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் மெதுவாகப் பாடினோம். அப்பம் சூடாக இருக்கட்டும் என்று அந்த நேரத்தில்தான் ஓவனில் வைத்தேன். எங்கள் சமையலறைக்குக் கதவு கிடையாது. ஓவனின் கண்ணாடி நேராக ஹாலைப் பார்க்கும்.

முதலில் நடுவில் சின்னதாக ஒரு மேடு வந்தது. மணல்மேடு மாதிரி, ரொம்ப அழகு. ஓவன் விளக்கின் மஞ்சளில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாட்டு எங்கோ தூரத்தில், பாலைவனத்தைக் கடந்து போகிற ஒரு கூட்டம் பாடுவது மாதிரி கேட்டது. மேடு குன்றானது. குன்றுக்குப் பொன் நிறம் ஏறியது. வெடிப்பு விட்டு, உள்ளே வெள்ளைவெளேரென்று மெத்தை தெரிந்தது. இவ்வளவு லட்சணமான ஒன்றை என் கையால் நான் செய்ததே இல்லை.

"மம்மி, கேக்!" என்றாள் சாமுவேல் பிரதரின் சின்ன மகள்.

பாட்டு நின்றது.

பிரதர் எழுந்து வந்து கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். "சிஸ்டர், என்ன போட்டீங்க?"

"மாவு, தண்ணி, உப்பு. அவ்வளவுதான் பிரதர்." (ஒருவேளை அற்புதமாக இருக்குமோ என்று ஒரு கணம் மனதுக்குள் ஆசைப்பட்டேன்.)

தாசன் குப்பைக்கூடையில் கிடந்த பாக்கெட்டை எடுத்து வந்தார். ரெஜினா அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்து இங்கிலீஷை நிதானமாகப் படித்தார்.

"செல்ஃப் ரெய்ஸிங்னு போட்டிருக்குளா. தானா எழும்புமாம். சோடா மாவோட கலந்தே வருது."

ஊரார் கைப்பையை எல்லாம் சோதித்த நான், பஸ்கா பந்தியிலேயே புளிப்பை ஏற்றிவிட்டேன். இனி பிஸ்கட் பேச்சு வரும் என்று தலையைக் குனிந்து நின்றேன். அழுகை முட்டியது. கடை கடையாக ஏறி வேறு மாவு தேடி, பின்பக்கம் படித்து, பிசைந்து முடிப்பதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும். எங்கள் வீட்டில் வைத்த முதல் பஸ்கா அப்பமே இல்லாமல் கலைந்து போகப்போகிறது.

அக்கா என் தோளைப் பிடித்து அழுத்தினார். "அழாதளா. மேல எங்க வீட்ல வறுத்த அரிசி மாவு கிடக்கு. பிரதர், இடியாப்பம் பிழிஞ்சா என்ன? அதுவும் அப்பந்தான?"

பிரதர் யோசித்தார். "அதுல ஈஸ்ட்?"

"கிடையாது."

"சோடா?"

"கிடையாது."

"ஊற வைக்கணுமா?"

"வேண்டாம். வெந்நீர் ஊத்தி உடனே பிழிஞ்சிரலாம்."

"அப்போ சேஃப்" என்றார்.

அக்கா மேலே ஓடினார். தாசன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அச்சைப் பிழிந்தார். எழும்பிய அப்பம் பிரதரின் உத்தரவுப்படி சுடச்சுடக் கீழ்மாடிக்கு இறங்கியது. ("அக்கா, பன்னு பஞ்சு மாதிரி இருந்துச்சு, எந்தக் கடைல வாங்குனீங்க?" என்று மறுநாள் லிஃப்டில் பேச்சிலர் பையன்கள் கேட்டார்கள்.) அன்று அந்த வீட்டில் எழும்ப அனுமதி இருந்தது ஜன்னலில் நின்ற நிலாவுக்கு மட்டும்தான்.

ஜெபம் பண்ணி பிரதர் இடியாப்பத்தை எடுத்துப் பிட்டார். அது பிய்ந்தால்தானே? நூல் நூலாக நீண்டு, ஒரு முனை அவர் விரலிலும் மறுமுனை தட்டிலுமாகத் தொங்கியது. இன்னும் உயரத் தூக்கினார், இன்னும் நீண்டது. அப்போது அந்தச் சின்ன மகள் மறுபடியும் வாயைத் திறந்தாள்.

"தேங்காப்பால் எங்க?"

முதலில் சிரித்தது சாமுவேல் பிரதர்தான். அவருக்குப் பல் இருப்பதை அன்றுதான் பார்த்தோம். அந்தச் சிரிப்பு ஹாலெங்கும் பரவி, நானும் அழுதுகொண்டே சிரித்தேன். பிறகு எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பயபக்தியோடு ஆளுக்குக் கொஞ்சம் நூல் வாங்கிச் சாப்பிட்டோம். அந்த வாரம் முழுக்க மூன்று வேளையும் இடியாப்பம். தாசன் தூக்கத்தில் தோசை திருப்பினார்.

அடுத்த வாரம் ரெஜினா அக்கா எனக்கு ஒரு பட்டம் சூட்டினார்: 'எழுப்புதல் சிஸ்டர்'. ஜனங்களின் விசுவாசத்தைத் தட்டி எழுப்பப் பெரிய ஊழியக்காரர்கள் நடத்துகிற கூட்டத்துக்கு எங்களில் எழுப்புதல் கூட்டம் என்று பெயர். நான் எழுப்பியது மாவைத்தான். ஆனால் பெயர் ஃபஹாஹீலைத் தாண்டிப் போய், லீவில் போனவர்களோடு விமானம் ஏறி, எனக்கு முன்பே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

நாங்கள் தூத்துக்குடிக்கே திரும்பி வந்து வருஷங்களாகின்றன. போன மாதம் ஒரு போன். பழக்கமில்லாத, மிகுந்த மரியாதையுள்ள குரல்.

"எழுப்புதல் சிஸ்டர்தானம்மா? உங்களப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கோம். எங்க ஊர்ல மூணு நாள் கூட்டம். நீங்கதான் வந்து ஜனங்கள எழுப்பணும்."

நான் போனைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாசன் போனைக் கையில் வாங்கினார்.

"கண்டிப்பா வருவா ஐயா" என்றார். "நீங்க ஒரு ஓவன் மட்டும் ஏற்பாடு பண்ணிருங்க."