மாஹே வரைக்கும் ஒரே டாங்க்

சிக்கனக்காரன் தனியாக ஊர் சுற்றினால் அதற்குப் பெயர் ஒழுக்கம். பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு சுற்றினால் அதற்கு என்ன பெயர் என்று என் சகலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் பெயரை அச்சில் போட முடியாது.

ஆறு வருடத்துக்கு முந்தைய சங்கதி. என் மனைவி மல்லிகாவின் ஓர் ஆசையில் ஆரம்பித்தது. (அவளுக்கு ஆசைகளே குறைவு. என்னைக் கட்டிக்கொண்ட பிறகு இன்னும் குறைந்தன.) பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்து முத்தியால்பேட்டையிலேயே வாக்கப்பட்டவள், ஒரு சாயங்காலம் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டே சொன்னாள்:

"நம்ம ஊர்ல சூரியன் கடல்லேர்ந்து எழுந்திரிக்கிறத மட்டும்தான் பாக்க முடியுது. முழுகுறத நான் பாத்ததே இல்லீங்க. ஒரு தடவயாவது பாத்துடணும்."

வாஸ்தவம்தான். எங்கள் ஊர்க் கடல் தினம் ஒரு சூரியனைப் பெற்றுப் போடும், திரும்ப வாங்கிக்கொள்ளாது. அது சாயங்காலமானால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், மாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் எங்கேயோ போய் விழும்.

மனைவி இப்படிக் கேட்டால் நல்ல கணவன் இரண்டு டிக்கெட் எடுப்பான். நான் மொட்டைமாடியில் கூட்டம் போட்டேன். இரண்டு பேர் போனால் செலவு. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேனில் போனால் சிக்கனம் என்பது என் சித்தாந்தம்.

கூட்டத்துக்கு வந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். முதலில் என் சகலை ரவி, அதாவது மல்லிகாவின் அக்கா வசந்தாவின் கணவர். அவர் ஏற்கெனவே ஒரு முறை எங்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போகிறேன் என்று கிளப்பி, அறை கிடைக்காமல் மலையடிவாரத்து வத்தலக்குண்டில் படுக்க வைத்தவர். அதை எட்டு வருடமாக எல்லாக் காதுகுத்திலும் கல்யாணத்திலும் பந்திக்குப் பந்தி நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். அடுத்தவர் எதிர்வீட்டு தனசேகர். எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் கம்பெனியில் தர ஆய்வு வேலை. எதையும் எண்ணாமல் இருக்க அவரால் முடியாது. மூன்றாவது அந்துவான் முசியே. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எழுபது வயதிலும் மீசை விறைப்பாக நிற்கும்.

மேற்குக் கடல் வேண்டும், செலவு கூடாது. கோவா என்றார் தனசேகர். கோவளம் என்றாள் வசந்தா அக்கா. அந்துவான் முசியேதான் நாற்காலிக் கையைத் தட்டினார்.

"மாஹே இருக்கும்போது மத்தவன் ஊருக்கு எதுக்கு தம்பி போவணும்? பிரெஞ்சுக்காரன் காலத்துலேர்ந்து அது நம்ம ஊரு. இன்னிக்கும் ஒரே சர்க்காரு. நடுவுல கொஞ்சம் தமிழ்நாடும் கேரளாவும் வந்துடுச்சி, அவ்ளோதான்."

அந்தக் கணத்தில் என் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. (பின்னாளில் வேனில் எரிந்த விளக்கும் அதே சிவப்புதான்.) எங்கள் ஊரில் டீசல் விலை குறைவு. மாஹேயிலும் குறைவு. நடுவில் கிடக்கும் அறுநூறு சொச்சம் கிலோமீட்டரிலும் அதிகம். அப்படியானால் இங்கே டாங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பி, அடுத்த சொட்டை மாஹேயில் போட்டால் என்ன?

"அந்நிய மண்ணில் ஒரு சொட்டு போட மாட்டோம்" என்று நான் அறிவித்தேன். முசியே எழுந்து நின்று கை கொடுத்தார்.

சகலை மட்டும் மெதுவாகக் கேட்டார்: "வழியில நின்னுபோச்சின்னா?"

"நடுவுல ஒரு சொட்டு போட்டேன்னா, இனிமே நான் வத்தலக்குண்டப் பத்தி வாயத் தெறக்க மாட்டேன், சகலை."

அவர் முகத்தில் எட்டு வருடமாகக் காணாத ஒளி வந்தது.

அடுத்த மூன்று வாரம் நான் தரையில் நடக்கவில்லை. அலுவலகத்தில் கோப்புக்குள் வரைபடம் வைத்துப் படித்தேன். 'மேற்குக் கடல்' என்று வாட்ஸ்அப் குழு தொடங்கி, விடிகாலையில் கட்டளைகள் பிறப்பித்தேன். எடை கூடினால் டீசல் குடிக்கும். ஆகவே குடும்பத்துக்கு ஒரு பைதான். பழைய பேப்பர் கடையிலிருந்து தொங்கு தராசை இரவல் வாங்கிவந்து வசந்தா அக்காவின் பையை மாட்டி நிறுத்தேன். உள்ளேயிருந்து இரண்டு தேங்காயை எடுத்து வெளியே வைத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூன்றாவது தேங்காய் என் தலையில் உடைந்திருக்க வேண்டும்.

வேன் ஓட்ட வந்தவர் செல்வம். அனுபவஸ்தர், அதிகம் பேசமாட்டார். திட்டத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, மறுநாள் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்தார்.

"இதுல கொஞ்சம் ரொப்பி வெச்சிக்கலாம் சார். டீசல் வண்டி. டாங்க் காஞ்சா காத்து ஏறிக்கும், அப்புறம் லேசுல ஸ்டார்ட் ஆவாது."

"அஞ்சு லிட்டர் வெட்டி எடை, செல்வம். காலியா வரட்டும்."

ஆபத்துக்கு உதவும் என்று காலிக் கேனை எடுத்துக்கொண்டு போன முதல் தலைவன் நானாகத்தான் இருக்கும்.

கிளம்பிய காலையில் ஊர் எல்லைக்குள் கடைசி பங்க்கில் டாங்க்கை நிரப்பினோம். குழாய் நின்ற பிறகும் எனக்குத் திருப்தி இல்லை. ஸ்கூட்டரைக் குலுக்கிப் பெட்ரோல் போடுவது நம் மரபு அல்லவா? எல்லோரையும் இறக்கி இரண்டு பக்கமும் நிறுத்தி வேனைக் குலுக்கினேன். இன்னும் முக்கால் லிட்டர் உள்ளே போனது. முசியே, "ஆன் அவான்" என்று கத்தினார். முன்னேறு என்று அர்த்தமாம். ஏறி உட்கார்ந்தோம்.

சொல்லக் கூடாது, முதல் நாள் சொர்க்கம்தான். பாட்டு, புளிசாதம், அந்தாக்ஷரி. ஏ.சி. கிடையாது. (அதுவும் டீசல் குடிக்கும்.) வேகம் நாற்பத்தைந்துக்கு மேல் கூடாது, அந்த வேகத்தில்தான் மைலேஜ் கிடைக்கும் என்று படித்திருந்தேன். மாட்டு வண்டி எங்களை முந்தவில்லை, அந்த மட்டும் கௌரவம். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் தனசேகர் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியில் வரும் பங்க்குகளை எண்ண ஆரம்பித்தார்.

"பதினொண்ணு."

"என்னா சார் பதினொண்ணு?"

"போடாத பங்க்கு."

அன்று ராத்திரி கோயம்புத்தூரில் ஒரு மலிவான சத்திரத்தில் படுத்து, காலையில் கிளம்பினோம். முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. நான் அதைப் பெற்ற பிள்ளையைப் போலத் தடவிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் மாஹே, சூரியன், மறுநாள் விடிந்ததும் திரும்ப வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஆக மல்லிகாவுக்கு இருந்தது ஒரே ஒரு அஸ்தமனம். ஆறரை மணிக்கு என்று செல்போன் சொன்னது. பாலக்காட்டிலேயே மஞ்சள் பட்டுப்புடவைக்கு மாறிவிட்டாள்.

"சூரியனுக்குப் பொண்ணு பாக்கவா போற?" என்றாள் வசந்தா அக்கா.

"வழியனுப்பப் போறேன்."

கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் செல்வம் தொண்டையைச் செருமினார்.

"சார், லைட் எரிஞ்சிடுச்சி."

"அது பயங்காட்டுறதுக்கு வெச்சது. இன்னும் அறுபது கிலோமீட்டர் தாங்கும்."

"மாஹே அறுபது கிலோமீட்டர் சார்."

"அதான் சொல்றேன்."

அதற்குப் பிறகு வேனில் யாரும் பாடவில்லை. இறக்கம் வந்தால் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். மேடு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையிலேயே அவ்வளவு உற்சாகமாக நான் இருந்ததில்லை. வடகரையில் சாலை வேலை. முக்கால் மணி நேரம் நெரிசலில் நின்றோம். "அறுபத்திநாலு" என்றார் தனசேகர், யாரும் கேட்காமலே.

மாஹேக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது வேன் இரண்டு முறை இருமியது, ஒரு முறை விக்கியது, நின்றது. மணி ஐந்தே முக்கால்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில், சாலையோரத்தில், ஒரு பங்க். கேரளா பங்க். மாஹேயில் மலிவாகக் கிடைக்கும்போது இங்கே யார் போடுவார்கள்? ஈ காக்கை இல்லை. நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரே ஊழியர் எங்களைக் கண்டதும், வெகுநாள் கழித்து மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தவர் போல எழுந்து நின்றார்.

"தேவுடா" என்றார் செல்வம். "சார், பத்து லிட்டர் போட்டுக்கலாம்."

"என்னாங்க, போட்டுடுங்க. மணியப் பாருங்க" என்றாள் மல்லிகா.

நான் சகலையைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தபடி, யாருக்கும் கேட்காத குரலில் வத்தலக்குண்டு, வத்தலக்குண்டு என்று ஜபித்துக்கொண்டிருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

"ஒரு கிலோமீட்டர்தான். தள்ளிடலாம்" என்றேன்.

பாவம், இறங்கித் தள்ளினார்கள். பட்டுப்புடவையைச் சொருகிக்கொண்டு மல்லிகாவும் தள்ளினாள். முசியே எழுபது வயதை முன்னிட்டு முன் சீட்டில் இருந்தபடி ஆன் அவான், ஆன் அவான் என்று படை நடத்தினார். பங்க் ஊழியர் நாங்கள் உள்ளே திரும்புவோம் என்று கையை ஆட்டி வழி காட்டினார். திரும்பவில்லை. அவர் முகம் விழுந்ததை நான் பார்க்காத மாதிரி குனிந்துகொண்டேன். ஒரு நிமிடம் கழித்து என் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு தோள் வந்து வேனைத் தாங்கியது. அவர்தான். பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேடு முடியும்வரை தள்ளிக் கொடுத்தார்.

"மாஹே?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"எல்லாரும் அவிடெத்தன்னெ" என்று, எல்லோரும் அங்கேதான் போகிறார்கள் என்ற அர்த்தத்தில், பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போனார்.

மாஹே வரவேற்கிறது என்ற பலகையைத் தாண்டியதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஜெயித்துவிட்டேன் என்று கையை உயர்த்தினேன். உயர்த்திய கைக்கு அப்பால் மாஹேயின் முதல் பங்க் தெரிந்தது. அதன் முன்னால் வரிசை தெரிந்தது. கேரளாவில் சக்கரம் வைத்தது எல்லாம் அங்கே நின்றது.

"நாப்பத்திரெண்டு வண்டி" என்றார் தனசேகர்.

"ஒரு மணி நேரம் ஆவும்" என்றார் செல்வம். "அப்புறம் காத்து எடுக்கணும். சார், அந்தக் கேன எடுங்க. நான் நடந்து போயி கெஞ்சிப் பாக்கறேன்."

கேன். என் மானத்தின் கடைசிக் கயிறு. சீட்டுக்கடியிலிருந்து பாய்ந்து எடுத்தேன். கனத்தது.

"அதுல மோர் இருக்கு" என்றாள் வசந்தா அக்கா. "புதுக் கேனு சும்மாதானே கெடக்குதுன்னு ரொப்பனேன். நீங்கதான் தேங்காய எடுத்துட்டீங்க, மோரு கூடவா கூடாது?"

மல்லிகா வரிசையைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீங்க டீசல் போடுங்க. நான் சூரியனப் பாத்துட்டு வந்துடறேன்."

நாலு ஆட்டோ வந்தது. (நான் ஊரிலிருந்து மிச்சம் பிடித்துக்கொண்டு வந்தது அந்த நாலு ஆட்டோவில் ஏறிப் போனது.) சகலை கடைசியாக ஏறினார், மடியில் கேனுடன்.

"அத எதுக்கு?"

"தாகம் எடுக்கும் சகலை."

செல்வம் ஸ்டியரிங்கைப் பிடிக்க, ஒரு வண்டி நகர்ந்தால் ஒரு வண்டி தூரம் நான் தள்ளினேன். பின்னால் நின்ற லாரிக்காரர் இரக்கப்பட்டுக் கை கொடுத்தார். ஆறரை மணிக்கு எனக்கு முன்னால் பத்தொன்பது வண்டி இருந்தது. சூரியன் கடைகளுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. முன்னால் நின்ற காரின் பின்கண்ணாடியில் கொஞ்சம் சிவப்பு வந்தது. பிறகு அதுவும் போனது. நான் பார்த்த அஸ்தமனம் அவ்வளவுதான்.

குழாயைப் பிடித்தவர் எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "பாண்டிச்சேரியில் நின்னோ? அவிடெ டீசல் இல்லே?"

இருக்கிறது என்று வேனின் டயரைப் பார்த்துச் சொன்னேன்.

செல்வம் காற்றை எடுத்து வண்டியைக் கிளப்பி, கடற்கரைக்குப் போனபோது ஏழரை தாண்டிவிட்டது. எல்லோரும் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மல்லிகா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"கடலத் தொட்டதும் அது உருண்டையா இல்லீங்க. கொஞ்சம் தட்டையாயிடுச்சி, ஊத்தப்பம் மாதிரி. அப்புறம் சரசரன்னு எறங்கிடுச்சி. கையக் காட்டனேன்." என் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்தீங்களா?"

"பங்க்லேர்ந்து கொஞ்சம் தெரிஞ்சிது."

"பொய்யி" என்றாள். மடியில் வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, எனக்கென்று எடுத்து வைத்திருந்த பழம்பொரியைக் கொடுத்தாள்.

சகலை ஊர் திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் பையை இறக்கும்போது மட்டும் சொன்னார்: "வத்தலக்குண்டுல எல்லாருக்கும் சூரியன் தெரிஞ்சிது, சகலை."

இன்றைக்கு எங்கள் வீட்டில் பற்பசை தீர்ந்து நான் பிதுக்கிக்கொண்டிருந்தால், "விடுங்க, மாஹே வரைக்கும் வரும்" என்பாள் மல்லிகா. கேஸ் சிலிண்டர், செல்போன் சார்ஜ், தோசை மாவு எல்லாவற்றுக்கும் அளவுகோல் அதுதான். வழியில் எந்த பங்க்கைக் கண்டாலும் வண்டியை உள்ளே திருப்புகிறேன்.

அது கூடப் பரவாயில்லை. கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. யாரோ வழிப்போக்கர் எடுத்துக் கொடுத்தது. பின்னால் பாதி முழுகிய சூரியன், முன்னால் பதினைந்து பேர், மஞ்சள் பட்டில் மல்லிகா, அந்தப் பக்கம் என் மகள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி விட்டு, கைப்பிடிச் சுவரின் மேல் அந்த வெள்ளைக் கேனை நிற்க வைத்திருக்கிறார் சகலை.

போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, நடுவில் அது என்ன என்று கேட்டார்.

காப்பித் தட்டோடு வந்த என் மகள் நின்று நிதானமாகச் சொன்னாள்: "அது எங்க அப்பா."