ஸ்டெப்னி அண்ணனும் ஏலகிரி ஒன்பதாவது வளைவும்

பிறந்த எல்லாருக்கும் உயிர் ஒன்றுதான். சேக்காட்டில் எங்கள் தெருவில் இருக்கிற ஸ்டெப்னி அண்ணனுக்கு மட்டும் இரண்டு. ஒன்றை உடம்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, பரண் மேல் பத்திரப்படுத்தியிருக்கிறார் என்பது என் தீர்மானமான கருத்து.

மனிதர் கையில் இரண்டு கடிகாரம் கட்டுவார். நெற்றியில் ஒரு கண்ணாடி, கழுத்தில் தொங்க ஒரு கண்ணாடி. கோயிலுக்கு இரண்டு தேங்காய், மழைக்கு இரண்டு குடை. பல் பிடுங்கப் போன இடத்தில், "இதுக்குப் பதிலா ஒண்ணு இப்பவே செஞ்சி வெச்சிட முடியுமா?" என்று கேட்க, டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்களாம். அவரும் நானும் இன்னொரு நண்பனுமாக மூன்றே பேர் இருக்கிற வாட்ஸப் குரூப்பை அவர் இரண்டாக ஆரம்பித்தார். ஒன்று அழிந்துபோனால் என்ன செய்வது?

எல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிடித்த பேய். அங்கே ஒரு கம்பெனியில் அவருக்கு மெயின்டெனன்ஸ் வேலை. சேர்ந்த புதிதில், மாற்றுவதற்கு ஒரு பெல்ட் இல்லாமல் மெஷின் முழு ஷிப்ட் நின்றுவிட, மேனேஜர் எல்லார் முன்னாலும் இவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அன்றிலிருந்து எதற்கும் ஒன்று உபரியாக இல்லாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது.

இதில் எரிச்சலான விஷயம், அந்த உபரி தேவைப்பட்டுத் தொலைக்கும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது, சுடுகாட்டில் கற்பூரம் ஏற்ற எடுத்த தீப்பெட்டி நமுத்துப்போயிருந்தது. துக்கத்தில் இருந்த கூட்டம் முழுக்க ஸ்டெப்னி அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை நீட்டிவிட்டு, "இதுவும் நமுத்திருந்தா சொல்லுங்க, இன்னோன்னு கீது" என்றார். இறந்தவரின் மகனே சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்து நாலு பேர் அவனைத் தட்டிக்கொடுத்தார்கள்.

உபரி டயரின் பெயரை அவருக்கு வைத்தவன் பாஷா. பூந்தமல்லியில் சீட் கவர் கடை வைத்திருக்கிற என் பள்ளிக்கூட நண்பன். அண்ணனுடைய மனைவி சரோஜா அக்காவுக்கு மட்டும் அந்தப் பெயர் காதில் விழுந்தாலே கரண்டி கைக்கு வந்துவிடும். "ஊரே என் புருசன ஸ்டெப்னி ஸ்டெப்னின்னா, கேக்கறவன் இன்னாடா நெனப்பான்? நான் இன்னாத்துக்கு கீறேன் அப்ப?" என்பார். நியாயமான கேள்விதான்.

இப்படிப்பட்ட ஆளுக்கு வண்டி மட்டும் ஒன்று. இருபத்திரண்டு வருஷத்துப் பழைய நூறு சிசி. அதற்கு இரண்டு ஹாரன், நாலு கண்ணாடி, இரண்டு பக்கமும் சைடு ஸ்டாண்டு. அதன் ஹேண்டில்பாரை வேறு எவனும் தொட்டது கிடையாது. பெற்ற மகன் ஒரு ரவுண்டு கேட்டதற்கு, கொடுக்க மனசில்லாமல் அவனுக்குத் தனியாக ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கிக் கொடுத்துவிட்டார். தினமும் காலையில் டேங்க்கைத் துடைப்பார். குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி இருக்கும்.

நாங்கள் மூன்று பேரும் சனி, ஞாயிறில் ஏலகிரி போவதென்று மூன்று மாதம் முன்பே முடிவு செய்திருந்தோம். புறப்பட இரண்டு நாள் இருக்கையில் என் தலையில் இடி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஐயப்பன்தாங்கலில் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பதினோரு இடம் தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டில் ஜாதகம் சேரவில்லை, இன்னொரு வீட்டில் என் முடி சேரவில்லை. இந்தப் பெண் நித்யாவின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆனால் தரகர் ஒரு தகவலையும் சேர்த்துச் சொன்னார். முன்பு ஒரு மாப்பிள்ளை இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாராம். நித்யா பட்டுப்புடவையை மாற்றிவிட்டு, நைட்டியோடு வந்து கதவைத் திறந்து, "காபி தீந்துபோச்சு" என்று சொல்லி மூடிவிட்டாளாம். அதைக் கேட்டதும் எனக்கு அவளை இன்னும் பிடித்துப்போயிற்று.

"ஏல, பதினோரு எடம் போச்சு. இதுவும் போச்சுன்னா நீ அந்த மலையிலயே சாமியாராப் போயிரு, வீட்டுக்கு வராத பாத்துக்க" என்றாள் என் அம்மா. அப்பாவின் ஃபேக்டரி வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியும், கோபம் வந்தால் அவளுக்குத் தாமிரபரணிதான்.

ஸ்டெப்னி அண்ணன் நேரே வந்து அம்மா முன்னால் நின்றார். "யக்கா, நாலு மணிக்கு புள்ள ஐயப்பன்தாங்கல்ல கீறான். நான் கேரண்டி."

"அவன் வரலேன்னா?"

"நான் போயி ஒக்காந்துக்கறேன்."

வாசலில் நின்றிருந்த சரோஜா அக்கா அவரை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனதைத் தெருவே பார்த்தது.

சனிக்கிழமை விடியற்காலை சென்னீர்குப்பம் டீக்கடையில் கூடினோம். அங்கேதான் அண்ணன் அந்த மகத்தான காரியத்தைச் செய்தார். ஒவ்வொரு வண்டிக்கும் கிளட்ச் கேபிள், பிளக், பல்பு என்று தினத்தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என் வண்டியின் பொட்டலத்தைப் பாஷாவிடம் கொடுத்தார். பாஷாவுடையதை என்னிடம் கொடுத்தார்.

"அண்ணாத்தே, மாத்திக் குடுத்துட்ட" என்றான் பாஷா.

"மாத்தில்லாம் குடுக்கல. ஸ்பேர் பார்ட்ட மெஷின் பக்கத்துலயே வெப்பானா எவனாவது? தீப்புடிச்சா ரெண்டும் சேந்து பூடும். நீ வண்டியோட பள்ளத்துல உழுந்தன்னு வையி, உன் கேபிளும் உன் கூடவே உழும். அதான் உன்து அவன்கிட்ட, அவன்து உன்கிட்ட."

"அப்ப உன்து?"

"என்து ரெண்டு செட்டு. ஆளுக்கு ஒண்ணு வெச்சிகினு வாங்க."

பள்ளத்தில் விழுந்தவனுக்குக் கேபிள் எதற்கு என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. பைத்தியக்காரத்தனம் எல்லாமே கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினோம்.

மலை ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பதினாலு கொண்டை ஊசி வளைவுக்கும் இரண்டு ஹாரனையும் அடித்தார். எதிரில் வந்த பஸ் டிரைவர் ஏதோ ஊர்வலம் வருகிறது என்று நினைத்து ஓரம் கட்டி நின்றார். ஆறாவது வளைவில் ஒரு குரங்கு அவர் தொப்பியைப் பிடுங்கியது. அண்ணன் அலட்டிக்கொள்ளாமல் பையிலிருந்து இரண்டாவது தொப்பியை எடுத்துப் போட்டார். அதைப் பிடுங்க இரண்டாவது குரங்கு காத்திருந்தது. மூன்றாவதை அவர் வெளியே எடுக்கவில்லை. பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டதோடு சரி.

லாட்ஜும் இரண்டு பார்த்து வைத்திருந்தார். முதல் லாட்ஜில் தண்ணீர் வரவில்லை. இரண்டாவதில் தண்ணீர் தாராளமாக வந்தது, கூரை வழியாக.

ஞாயிற்றுக்கிழமை பாஷா ஆறு மணிக்கே கிளம்பிவிட்டான். அன்றைக்குத்தான் அவன் கடையில் கூட்டம். நாங்கள் எட்டு மணிக்குக் கிளம்பினோம். இறங்குகையில் ஒன்பதாவது வளைவில் என் கிளட்ச் கேபிள் 'டப்' என்று அறுந்தது.

நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் கேபிள் பாஷாவின் சீட்டுக்கு அடியில், அநேகமாக வேலூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை.

அண்ணன் விடவில்லை. என் பையில் இருந்த பாஷாவின் கேபிளைப் போட்டுப் பார்த்தார். ஒரு சாண் குட்டை. தன் வண்டிக்கான கேபிளைப் போட்டார். நுனியில் இருக்கிற குண்டு என் வண்டியில் நுழைய மாட்டேன் என்றது. அரத்தால் ராவினார், பல்லால் கடித்தார், அந்தக் கேபிளைச் செய்தவனின் பரம்பரையையே திட்டினார். கையில் இரண்டு கேபிள் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. மணி பத்தரை ஆகிவிட்டது. என் கண்ணுக்குள் நைட்டி தெரிய ஆரம்பித்தது.

"எல்லாம் உன்னாலதாண்ணே!" என்று கத்திவிட்டேன். "ஊர்ல இல்லாத புத்திசாலித்தனம்! என் கேபிள் என் பையில இருந்தா இந்நேரம் வேலூர் தாண்டியிருப்பேன். இருந்திருந்து ஒரு பொண்ணு. அதையும் கெடுத்துட்டியே!"

அவர் இரண்டு கேபிளையும் சுருட்டிப் பையில் போட்டார். கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். இரண்டு கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார்.

"எட்த்துகினு போ."

"உன் வண்டியா? வேணாண்ணே. ரெண்டு பேருமே இதுல போயிரலாம். என் வண்டி இங்கயே கெடக்கட்டும்."

"ரெண்டு பேரு ஒக்காந்தா அது முப்பதுக்கு மேல போவாது நைனா, லேட்டாயிடும். உன் வண்டிய இங்க உட்டா கொரங்கு சீட்ட பிச்சிடும். எறக்கம்தான, நான் உருட்டிகினே கீழ போய்டறேன். இன்னிக்கு இங்க ஸ்பேர் கடைலாம் மூடிகீது. நாளைக்கு கேபிள் வாங்கிப் போட்டுகினு வரேன்."

"அண்ணே..."

"பேசிகினே நிக்காத. யக்காகிட்ட கேரண்டி குட்த்துகீறேன். மூணாவது கியர் கொஞ்சம் மொரண்டு புடிக்கும். திட்டாத, மெதுவாப் போடு."

வளைவு திரும்பும்போது நாலு கண்ணாடியிலும் அவர் தெரிந்தார். என் வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார்.

திட்டாமல்தான் ஓட்டினேன். வாலாஜா பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். அங்கேதான் என் சனி நின்றிருந்தது. வலது பக்க ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் வண்டியை இடது பக்கம் சாய்த்தேன். சாய்ந்தது சாய்ந்ததுதான். தூக்கி நிறுத்திப் பார்த்தால் டேங்க்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். கல்யாணம் நடந்தாலும் அதைப் பார்க்க நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று தோன்றிவிட்டது.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் ஐயப்பன்தாங்கல் போய்ச் சேர்ந்தேன். வாசலில் நின்றிருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னல இது கோலம்? யாரு வண்டி இது?" என்றவள், வண்டியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரியாத வண்டியா?

குழாயடியில் கை கழுவினேன். கிரீஸ் போகவில்லை. கறுத்த கையோடு போய் நாற்காலியில் உட்கார்ந்து கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நித்யா காபியை வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக் கேட்டாள். "அந்த வண்டிக்கு ஏன் ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு?"

பொய் சொல்லத் தெம்பில்லை. பொட்டலம், குரங்கு, ஒன்பதாவது வளைவு, நான் கத்தியது, டேங்க் நசுங்கியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குரங்கு வருகிற இடத்தில் அவளுடைய அப்பா புரையேறி இருமினார். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"அப்ப அவர் இப்ப எங்க இருக்கார்?"

"மலைக்குக் கீழ இருப்பார். என் வண்டியோட."

"சாப்பிட்டாரா?"

எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தன் அப்பாவைப் பார்த்து, "எனக்குச் சரிப்பா" என்றாள். உடனே என் பக்கம் திரும்பி, "முதல்ல போய் அவருக்கு போன் பண்ணுங்க" என்றாள்.

வாசலுக்கு வந்து போன் போட்டேன். ஒரே மணியில் எடுத்தார். பின்னால் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. நல்ல விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் கெட்டதைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே, திட்டாத. வண்டியக் கீழ போட்டுட்டேன். டேங்க்கு நசுங்கிப்போச்சு."

"அத்த உட்றா. பொண்ணு இன்னா சொல்லிச்சு?"

"பெரிய நசுங்கல்ணே. உள்ளங்கை அகலம்..."

"டேய், பொண்ணு இன்னா சொல்லிச்சின்றேன்!"

"சரின்னுட்டாங்கண்ணே."

இருநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், முன்பின் தெரியாத ஊர் டீக்கடையில், அவர் யாரிடமோ கத்துவது கேட்டது. "யோவ், கீற எல்லாருக்கும் ஒரு டீ போடுய்யா! எங்க ஊட்டுப் புள்ளைக்கு பொண்ணு அமைஞ்சிட்ச்சி!"

நித்யாவின் வீட்டு வாசல் என்றும் பார்க்காமல் அழுதேன். கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாகி, அந்தக் கோலத்தில்தான் உள்ளே போய் நிச்சயத்துக்கு நாள் பேசினேன்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. படிவங்களில் அந்த இடம் வரும்போது 'இல்லை' என்றுதான் எழுதுகிறேன். எழுதுகிற ஒவ்வொரு தடவையும் பொய் சொல்கிற மாதிரியே இருக்கிறது.